மூன்று முறை கூப்பிட்ட பெயர்

வராந்தா பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் அந்த இருவரும் வந்து உட்கார்ந்தபோது மணி ஒன்பதுகூட ஆகவில்லை. திண்டுக்கல் மாவட்டத்துத் தாலுகா ஊர் ஒன்றின் நீதித்துறை நடுவர் நீதிமன்றம். ஒரு பழைய தீர்ப்பின் நகல் வாங்க வந்திருந்தேன். அலுவலகம் திறந்த பிறகு, சாயங்காலம்தான் கிடைக்கும் என்று சொல்லிவிட்டார்கள். அன்று முழுக்க அங்கேயே இருந்தேன். யாரோடும் பேசவில்லை. பார்த்தேன், காதில் விழுந்ததைக் கேட்டேன்.

பெரியவருக்கு எழுபது வயதிருக்கும். தோளில் துண்டு, மடியில் மஞ்சப்பை. கூட வந்தவருக்கு நாற்பது ஆகியிருக்கலாம். சட்டைக் காலரில் பனியன் நூலின் பிசிறு ஒட்டியிருந்தது. வலது ஆள்காட்டி விரலின் நகத்தில் ஊசி ஏறிய பழைய தழும்பு. திருப்பூரில் விடியற்காலை பஸ் ஏறி, தாராபுரம், ஒட்டன்சத்திரம் வழியாக வந்திருக்கிறார். பெரியவர் பையிலிருந்து இட்லிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

"சாப்பிடு மாப்ளே. உள்ள போனா எப்ப விடுவாங்கன்னு தெரியாது."

"உள்ள போனா" என்ற சொல்லில் இளையவரின் கை நின்றுவிட்டது. கோர்ட் ஹாலுக்குள் போவதைத்தான் பெரியவர், அவருடைய மாமா, சொன்னார். மாப்பிள்ளைக்கு அது வேறாகக் கேட்டது. பெரியவருக்கும் அது புரிந்துவிட்டது. ஒரு இட்லியைப் பிய்த்துச் சட்னியில் தோய்த்து அவர் கையிலேயே வைத்தார்.

பத்து மணிக்குச் சற்று முன்பு அவர்களுக்காக ஒரு பெண் வழக்கறிஞர் வந்தார். முப்பது வயது இருக்கும். கறுப்பு கோட்டைக் கையில் மடித்துப் போட்டிருந்தார். "பெரியவரே, கேஸ் நம்பர் கெடச்சுதா?" என்றார். மாமா பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். அவருக்கு வந்த நோட்டீஸ். மடிப்புகளில் நைந்து போயிருந்தது. சி.சி. நம்பர் இருந்த இடத்தில்தான் மடிப்பு சரியாக விழுந்து, கடைசி இலக்கம் மூன்றா எட்டா என்று தெரியவில்லை.

வழக்கறிஞர் போனில் இ-கோர்ட்ஸ் செயலியைத் திறந்தார். எண் சரியில்லாததால் பெயரையும் ஆண்டையும் வைத்துத் தேடினார். தமிழில் ஒரே ஒரு விதமாக எழுதும் அந்தப் பெயரை ஆங்கிலத்தில் ஐந்து விதமாக எழுதலாம். இனிஷியல் முன்னால், இனிஷியல் பின்னால், ஒரு எழுத்து கூட, ஒரு எழுத்து குறைய. நான்காவது தடவையில் கிடைத்தது. ஸ்டேஷனில் எழுதிய ரைட்டர் எப்படி எழுதினாரோ அப்படித்தான் அந்தப் பெயர் இத்தனை வருடமும் கம்ப்யூட்டருக்குள் இருந்திருக்கிறது. வழக்குக்கான 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை வழக்கறிஞர் கைக்குறிப்பில் எழுதிக்கொண்டார். கேஸ் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று காட்டும் வரியில் விரலை வைத்தார். "என்.பி.டபிள்யூ." ஜாமீனில் வெளிவர முடியாத பிடிவாரண்ட்.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. இந்த வராந்தாவில் அதை வேண்டிய மட்டும் கூப்பிட்டாகிவிட்டது.

கதையை மாமாதான் சொன்னார். வழக்கறிஞர் கேட்டதற்கெல்லாம் மாப்பிள்ளை தலையை மட்டும் ஆட்டினார். 2018-இல் டீக்கடைத் திருப்பத்தில் இவருடைய பைக் ஒரு பால்காரர்மேல் மோதியது. முழங்காலிலும் நெற்றியிலும் சிராய்ப்பு. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதே இவர்தான். ஸ்டேஷனில் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 279, 337 இரண்டு பிரிவுகளில் கேஸ் ஆனது. அந்தப் பால்காரர் பிற்பாடு இவர் தங்கச்சி கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். "அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை வக்கீலம்மா. கேஸ்தான் இருக்கு."

கோர்ட்டில் மாமாவே ஜாமீன் நின்றார். வீட்டு வரி ரசீதைக் காட்டிப் பத்தாயிரம் ரூபாய்க்குப் பிணைப் பத்திரம். நாலு வாய்தாவுக்கு இவர் ஒழுங்காக வந்தார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் சம்பளம் போனது. பஸ் செலவு தனி. அப்போது வக்கீல் குமாஸ்தா, "நீ வேலையப் பாரு, நான் 317 போட்டுக்கிறேன்" என்று சொன்னார். குற்றம் சாட்டப்பட்டவரால் இன்றைக்கு வர முடியவில்லை, மன்னிக்க வேண்டும் என்று நீதிமன்றத்தில் கொடுக்கும் மனுவுக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய பிரிவு எண் அது. கோர்ட் வாசலில் இருப்பவர்கள் வாயில் இன்னும் அதே எண்தான். பிறகு 2020 மார்ச்சில் கொரோனா. கோர்ட் பூட்டியது, பனியன் கம்பெனி பூட்டியது. அடுத்த வருடம் அந்த வக்கீல் தவறிவிட்டார். குமாஸ்தாவின் நம்பர் மாறிவிட்டது. திருப்பூரில் இவர் வீடு மாறினார், மறுபடி மாறினார். வாடகை வீட்டில் இருப்பவனுக்கு வந்த சம்மன், அவன் காலி செய்துவிட்டுப் போன கதவைத் தட்டிவிட்டுத் திரும்பியது.

"வாரண்ட்டுன்னு எப்பத் தெரிஞ்சுச்சு?"

மாப்பிள்ளை முதன்முறையாக வாயைத் திறந்தார். "ஊர்ல எங்கம்மாகிட்ட வந்து கேட்டாங்க மேடம். ராத்திரி. அம்மா போன் பண்ணி, நீ இந்தப் பக்கம் வந்துறாதன்னுச்சு."

வரவில்லை. மூன்று தீபாவளிக்கு வரவில்லை. அப்பா இறந்தபோது ராத்திரி வந்து, கொள்ளி வைத்துவிட்டு, விடிவதற்குள் பஸ் ஏறியிருக்கிறார். கருமாதிக்கு வரவில்லை. இதை மாமா சொல்லும்போது மாப்பிள்ளை எழுந்து, தண்ணீர் குடிக்கப் போவதுபோல் குழாய்ப் பக்கம் போய்விட்டார். குழாயைத் திறக்காமலே அங்கே நின்றார்.

279-க்கு ஆறு மாதம் வரை சிறை, இல்லாவிட்டால் ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 337-க்கு ஆறு மாதம் வரை, இல்லாவிட்டால் ஐந்நூறு ரூபாய் வரை, அல்லது இரண்டும். இரண்டுமே ஜாமீனில் விடக்கூடிய குற்றங்கள். இத்தனை சிறிய கேஸுக்கு ஒரு மகன் தன் தகப்பனின் கருமாதியைத் தவறவிட்டிருக்கிறான் என்று நினைத்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. யாரும் அவரிடம் எண்ணைச் சொல்லவில்லை. வாரண்ட் என்ற ஒரு சொல்லைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

அம்மாவும் மகனும் காலம் போனால் அது தானாக அடங்கிவிடும் என்று நம்பியிருக்கிறார்கள். அது அடங்காது. பிறப்பித்த நீதிமன்றமே ரத்து செய்யும் வரை, அல்லது ஆளைப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தும் வரை, வாரண்ட் உயிரோடுதான் இருக்கும். சட்டம் அதற்கு வயது வைக்கவில்லை. கடைசியில் அது மாமாவின் வீட்டுக் கதவைத் தட்டியது. நீ ஜாமீன் நின்ற ஆள் வரவில்லை, பத்தாயிரத்தை ஏன் கட்டச் சொல்லக் கூடாது என்று காரணம் கேட்டு நோட்டீஸ். பெரியவர் அதை எடுத்துக்கொண்டு திருப்பூர் போனார். கம்பெனி வாசலில் ஷிப்ட் முடியும்வரை நின்றார். கோபப்பட்டதாக அவர் பேச்சில் ஒரு சொல்கூட இல்லை. "கெளம்பு மாப்ளே, போய் நிப்போம்னேன். அவ்வளவுதான்."

குழாயடியிலிருந்து திரும்பியவர் கேட்டார்: "இன்னைக்கே உள்ள போட்டுருவாங்களா மேடம்?"

வழக்கறிஞர் எடுத்த எடுப்பில் ஆறுதல் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. "மாட்டாங்கன்னு நான் எழுதிக் குடுக்க முடியாது. முடிவு கோர்ட்டோடது. ஆனா போலீஸ் புடிச்சுட்டு வரலை, நீங்களா வந்து நிக்கிறீங்க. சின்ன செக்‌ஷன். பழைய வக்கீல் எறந்துட்டாரு, வீடு மாறிட்டீங்க. நெசமான காரணம் இருக்கு. இந்த மாதிரி கேசுல, ஆள் புடிபடுறதுக்கு முன்னாடி, அடுத்த வாய்தாவுக்கு வர்றேன்னு உறுதி சொல்லி மனு போட்டா, நேர்ல நிக்காமலே வாரண்டை ரத்து பண்ணலாம்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. இருந்தாலும் நீங்க நின்னா நல்லது."

அவர் சொன்னது 2022 சதேந்தர் குமார் அன்டில் தீர்ப்பை. ஏழு ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களுக்கான வழிமுறை அது. அதற்கு முன்பே 2007-இல் இந்தர் மோகன் கோஸ்வாமி வழக்கில், முதலில் சம்மன், அதற்கு வராவிட்டால் ஜாமீனில் விடக்கூடிய வாரண்ட், அதற்கும் வராவிட்டால்தான் ஜாமீனில் விட முடியாத வாரண்ட் என்று உச்ச நீதிமன்றம் படி வைத்திருக்கிறது. திருப்பூர் தையல்காரருக்கு அந்தப் படிகள் தெரியாது. அவர் காதுக்கு எட்டியது கடைசிப் படி ஒன்றுதான்.

வேப்பமரத்தடி ஷெட்டில் டைப் அடிப்பவர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் துணி போர்த்திய பழைய டைப்ரைட்டர். "ரீகாலா? பழைய செக்‌ஷனா, புதுசா?" என்றார். 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைக்குப் புதுச் சட்டம். வாரண்டை ரத்து செய்யும் பிரிவு 70(2) என்று இருந்தது 72(2) ஆகிவிட்டது. பழைய வழக்கு என்பதால் வழக்கறிஞர் இரண்டையும் போடச் சொன்னார். மனுவின் மாதிரி ஏற்கெனவே டைப் அடிப்பவரின் கம்ப்யூட்டரில் இருந்தது. பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும். வழக்கறிஞர் மூன்றாவது பத்தியில் நிறுத்தினார். பழைய வக்கீல் இறந்ததையும், வீடு மாறிய விவரத்தையும், புது முகவரியையும் ஒவ்வொரு வரியாகச் சொல்லி அடிக்க வைத்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

கையெழுத்துப் போடக் காகிதத்தை வாங்கியவர் முதல் வரியிலேயே நின்றார். "'மனுதாரர் / எதிரி'ன்னு போட்டிருக்கே. யாரு மேடம் எதிரி?"

"நீங்கதான். கோர்ட்டுல அக்யூஸ்டுக்கு அப்படித்தான் பேரு. மனசுல வச்சுக்காதீங்க, போடுங்க."

போட்டார். எழுத்து நேராக இருந்தது. கோணாமல் தைத்துப் பழகிய கை.

பத்தரைக்கு நடுவர் வந்து அமர்ந்தார். டவாலி ஹால் வாசலில் நின்று ரோல் காலில் பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தார். ஒரு பெயருக்கு மூன்று முறை. முதல் தடவை ஹாலுக்குள், இரண்டாவது வராந்தாவை நோக்கி, மூன்றாவது மரத்தடி வரைக்கும். குரல் தேர்ந்த குரல். ஆள் வந்தால் வழக்குக் கட்டு மேஜையில் ஒரு பக்கம் போனது. வரவில்லை என்றால் பெஞ்ச் கிளார்க் ஒரு வரி எழுதி மறுபக்கம் வைத்தார். அந்த மறுபக்க அடுக்கு வளர்ந்துகொண்டே வந்தது. அதில் எத்தனை பேர் தலைமறைவானவர்கள், எத்தனை பேர் எங்கோ தறி ஓட்டிக்கொண்டும் கல் உடைத்துக்கொண்டும் தேதி தெரியாமல் இருப்பவர்கள்? கட்டைப் பார்த்தால் தெரியாது. எல்லாக் கட்டையும் ஒரே நாடாவால்தான் கட்டுகிறார்கள்.

வாசல் தூண் அருகே இரண்டு கான்ஸ்டபிள்களுக்கு நடுவே ஒரு பையன் குத்தவைத்திருந்தான். இருபத்தைந்து வயதிருக்காது. அவனும் வாரண்ட்தான். ஆனால் விடியற்காலையில் வீட்டில் வைத்துப் பிடித்து வந்திருக்கிறார்கள். லுங்கி. காலில் செருப்பில்லை. சட்டைப் பையில் போன் சார்ஜரின் வயர் தொங்கியது. எடுக்கத் தோன்றியதை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான். சட்டப்பணிகள் குழுவின் வழக்கறிஞர் ஒருவர் குனிந்து அவனிடம் பேசினார். காவலில் இருப்பவருக்கு இலவசமாக வக்கீல் கிடைக்கும். அவனுடைய வாரண்ட் நிறைவேறிவிட்டது. இனி அதை ரத்து செய்யக் கேட்க முடியாது. ஜாமீன் மனுதான் போட வேண்டும், ஜாமீன்தாரர் வர வேண்டும். ஜாமீன்தாரர் யாரும் வரவில்லை. அடுத்த வாய்தா வரை கிளைச் சிறை என்றானது. எழுந்து போகும்போது சார்ஜர் கீழே விழுந்தது. கான்ஸ்டபிள்தான் எடுத்துக் கொடுத்தார். நம்மவர் அதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மாமாவின் கை அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டது.

பதினொன்றே முக்காலுக்கு அந்தப் பெயர் வந்தது. டவாலி முதல் தடவை கூப்பிட்டதும் இவர் எழுந்துவிட்டார். ஆனால் குரல் வரவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டாகிவிட்டது. "இருக்கான், இருக்கான்யா!" என்று மாமா கத்தினார். டவாலி மூன்றாவதைக் கூப்பிடாமல் நிறுத்தி, திரும்பி அவரைப் பார்த்தார். அந்தப் பெயருக்கு ஓர் உருவம் இருப்பதை அவரும் இன்றைக்குத்தான் பார்க்கிறார் போலும்.

வாசற்படியில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனார். கூண்டில் ஏறிக் கைகூப்பினார். வழக்கறிஞர் மனுவை நீட்டிச் சுருக்கமாகச் சொன்னார். அரசு வழக்கறிஞர் கடுமையாக எதையும் சொல்லவில்லை. நடுவர் பழைய கட்டைப் பிரித்து இரண்டு மூன்று தாள்களைத் திருப்பினார். பிறகு நேராகக் கேட்டார்.

"ஏன் இத்தனை வருசம் வரலை?"

"வீடு மாத்திட்டேன்மா." அதற்குமேல் சொல் வரவில்லை. தொண்டை ஏறி இறங்கியது. "பயமா இருந்துச்சும்மா."

நடுவர் ஒரு கணம் பேனாவை மேஜையில் வைத்தார். பிறகு எடுத்துக்கொண்டார். "ஜாமீன்தாரர் வந்திருக்காரா?" மாமா பின்வரிசையிலிருந்து கையைத் தூக்கினார். "இனிமே வாய்தாவுக்கு வரணும். வர முடியலைன்னா அன்னைக்கே மனு போடச் சொல்லணும். அட்ரஸ் மாறினா இங்க எழுதிக் குடுக்கணும். சரியா? வாரண்ட் ரீகால்டு." ஜாமீன்தாரர் மீதான நடவடிக்கையும் கைவிடப்பட்டது. புதிதாகச் சொந்தப் பிணை எழுதிக் கொடுக்க வேண்டும். அடுத்த வாய்தா தேதி.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று நிமிஷம் ஆகியிருந்தது.

கூண்டிலிருந்து இறங்கியவர் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றார். நீதிமன்றத்தில் ஆள் பிடிபட்டால் போக வேண்டிய பக்கம் ஒன்று இருக்கிறது, விடப்பட்டால் போகும் பக்கம் ஒன்று இருக்கிறது. இரண்டாவது பக்கத்தை வழக்கறிஞர் கையால் காட்டினார்.

மதியத்துக்குமேல் பிணைப் பத்திரத்தில் கையெழுத்தெல்லாம் முடிந்தது. வராந்தாவில் வழக்கறிஞர் அவர்களை உட்காரவைத்துப் பேசினார். குற்றத்தை ஒத்துக்கொண்டு அபராதம் கட்டி இத்தோடு முடித்துக்கொள்ளலாமா என்று மாமா கேட்டார். "அவசரப்படாதீங்க. ஒத்துக்கிட்டா அதுவும் தண்டனைதான், ரெக்கார்டுல நிக்கும். பால்காரர் சம்மதிச்சா 337-ஐ கோர்ட் அனுமதியோட சமரசம் பண்ண வழி இருக்கு. மத்த செக்‌ஷனை என்ன பண்ணலாம்னு பாக்கணும். கட்டை முழுசாப் படிச்சுட்டுச் சொல்றேன்." அவர் சொல்லச் சொல்ல மாப்பிள்ளை அடுத்த வாய்தா தேதியைப் போனில் பதிந்தார், ஒரு துண்டுச் சீட்டில் எழுதினார். பிறகு பேனாவால் உள்ளங்கையிலும் எழுதிக்கொண்டார்.

"இன்னொன்னு. இந்த ரீகால் கடுதாசி ஸ்டேஷனுக்குப் போய்ச் சேரணும். கோர்ட்டுல இருந்தும் போகும். நீங்களும் ஒரு காப்பியக் கொண்டுபோய்க் குடுத்து, வாங்கினதுக்குக் கையெழுத்து வாங்கிக்கங்க. இன்னைக்கே."

இது வெறும் எச்சரிக்கை இல்லை. மும்பையில் ஒரு வழக்கறிஞருக்கே நடந்தது. வாரண்ட் ரத்தான சில நாட்களில், அதே வாரண்டின் பேரில் 2002 ஆகஸ்ட் 15 அன்று அவரைக் கைது செய்தார்கள். அந்த நேரத்தில் காட்ட அவர் கையில் காகிதம் இல்லை. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், வாரண்டுகளுக்கு நீதிமன்றம் பதிவேடு வைக்க வேண்டும், நிறைவேறியதும் ரத்தானதும் அதில் ஏற வேண்டும் என்று 2011-இல் நெறிமுறை வந்தது. நடுவர் வாயால் ரத்தானது, ஸ்டேஷன் நோட்டிலும் ரத்தாக வேண்டும். நடுவே ஒரு தெருவளவு தூரம்தான். அந்தத் தெருவைக் காகிதம் கடக்காமல் போனால் மறுபடி ராத்திரியில் கதவு தட்டப்படும்.

நாலரை மணிக்கு என் நகல் கிடைத்தது. எதிரே பஸ் நிறுத்தத்தில் போய் நின்றேன். காவல் நிலையம் அந்த வரிசையிலேயே, தாலுகா ஆபீஸைத் தாண்டி இருக்கிறது. அவர்கள் இருவரும் நடந்து வந்தார்கள். மாமா முன்னால். மாப்பிள்ளை காகிதத்தைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு நெஞ்சோடு பிடித்திருந்தார். ஸ்டேஷன் வாசல் வந்ததும் நின்றார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார். பிறகு குனிந்து, கோர்ட் படியில் செய்ததுபோலவே, ஒரு செருப்பைக் கழற்றினார்.

மாமா திரும்பிப் பார்த்தார்.

"இங்கெல்லாம் வேண்டாம் மாப்ளே. போட்டுக்க."

அவர் மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டு செருப்பைத் திரும்ப மாட்டினார். இருவரும் உள்ளே போனார்கள்.